பலகை ஏறுது

முதலில் குளிர்ச்சிதான் வரும். வெயிலில் கிடந்து வெதுவெதுப்பாகிப்போன கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும்போது, மணலோடு மணலாக ஒரு குளிர்ச்சி ஊர்ந்துவந்து விரல் இடுக்கில் புகும். மேலே தண்ணீர் சும்மாதான் இருக்கும், நிறம் மாறாது, சத்தம் வராது, ஆனாலும் கால் அந்தக் குளிர்ச்சியை அறிந்துகொண்ட மறுகணமே நாங்கள் பாவாடையை வாரிச் சுருட்டிக்கொண்டு கரையேறிவிடுவோம். அணைக்கு மேல்பக்கத்தில் தேங்கி நின்ற ஆழத்துத் தண்ணீர், கதவுக்கு அடியில் முதன்முதலாக நுழைந்து வருகிற குளிர்ச்சி அது. இன்று அந்த அணையைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கம்பிவேலி போட்டு, "ஆபத்தான பகுதி, குளிக்கத் தடை" என்று சிவப்பு எழுத்தில் ஒரு போர்டும் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறுகிறது. அந்தக் கோபத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அணை என்றதும் நீங்கள் மேட்டூரை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஊர் திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில், சுரக்குடிக்குப் போகிற வழியில் இருக்கிறது. காவிரியின் கடைசிச் சொட்டுகளைப் பங்குபோட்டுக்கொண்டு கடலுக்கு ஓடும் சின்ன ஆறுகளில் ஒன்று ஊரை ஒட்டிப் போகிறது. அதன் குறுக்கே, தண்ணீர் போக நாலைந்து கண்கள் உள்ள ஒரு அணை. சர்க்கார் காகிதத்தில் அதற்கு "ரெகுலேட்டர்" என்று பேர். கண்ணுக்கு ஒரு இரும்புக் கதவு. முன்னொரு காலத்தில் அது மரப்பலகையாக இருந்ததாம். இரும்பான பிறகும் ஊர் அதைப் "பலகை" என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தது. மேலே ஒருவர் நடக்கிற அகலத்தில் நடைபாலம், பக்கத்துக்கு ஒரு கைப்பிடிக் கம்பி. பலகை இறங்கியிருந்தால் மேல்பக்கம் தண்ணீர் தேங்கிக் குளம்போல நிற்கும், கீழ்ப்பக்கம் மணல் தெரிய ஓடும். கீழ்ப்பக்கம்தான் படித்துறை, துணி துவைப்பது, மாடு குளிப்பாட்டுவது, பிள்ளைகள் கும்மாளம் போடுவது எல்லாம் அங்கேதான். மேல்பக்கம் ஆண்பிள்ளைகளின் ராஜ்ஜியம். நடைபாலத்திலிருந்து தலைகீழாகக் குதிப்பார்கள்.

பலகையைத் தூக்கும் வேலைக்கு ஒரு லஸ்கர் இருந்தார். கோபக்காரர், வெற்றிலை போட்ட வாயோடு யாரையும் திட்டுவார், அவரை யாருக்கும் பெரிதாகப் பிடிக்காது. ஆனால் ஒரு வழக்கத்தை மட்டும் அவர் தவறவிட்டதே இல்லை. பலகையைச் சுழற்றி ஏற்றுகிற இரும்புக் கைப்பிடியைப் பூட்டுவதற்கு முன்னால், அந்தக் கைப்பிடியாலேயே நடைபாலத்துக் கம்பியை "டங், டங்" என்று ஓங்கித் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டதும் படித்துறையில் இருக்கிற பெண்களில் யாராவது ஒருத்தி முகத்தைக் கிழக்கே திருப்பிக்கொண்டு "பலகை ஏறுதூ…" என்று நீட்டிக் கூவுவாள். மாட்டுத்துறையில் நிற்கிறவர் அதை வாங்கி அடுத்த துறைக்குக் கொடுப்பார், அங்கிருந்து மூங்கில் தோப்புக்குப் போகும், தோப்பிலிருந்து ஆற்று வளைவுக்குப் போகும். இப்படித் தண்ணீருக்கு முன்னாலேயே அந்தக் கூவல் ஓடிவிடும். ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்காத சண்டைக்காரிகள்கூட இதை மட்டும் வாங்காமல் இருக்கமாட்டார்கள். கூப்பிட்ட குரல் யாருடையது என்று பார்க்காமல் எல்லோரும் மேலே ஏறிவிட்டு, தண்ணீர் நிதானத்துக்கு வந்த பிறகு மறுபடி இறங்குவார்கள். வேலியும் கிடையாது, போர்டும் கிடையாது.

ஆற்றின் ஆபத்தை எங்களுக்கு யாரும் சொல்லாமல் இல்லை. விடிந்தால் போனால் சொன்னார்கள். "ஆழந் தெரியாம கால விடாதே" என்று அப்பா சொல்வார். காலை விடாமல் ஆழம் எப்படித் தெரியும் என்று நான் கேட்டால் "வாயாடி" என்பார். எனக்கு நடைபாலத்திலிருந்து குதிக்க வேண்டும், மேல்பக்கத்து ஆழத்தில் நீந்த வேண்டும். ஆனால் பெண்பிள்ளைகளுக்குப் படித்துறையோடு எல்லை. சாண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளையாம். மூக்கு ஒழுகுகிற பொடியன்களெல்லாம் மேலிருந்து குதிக்கையில் நான் கீழே உட்கார்ந்து அண்ணன்மாரின் கைலியைக் கசக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

நான் பொறுக்கவில்லை. தாறு வெட்டிய வாழைமரத்தில் ஒரு துண்டை நறுக்கி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலை உதைத்து உதைத்து நீந்தப் பழகினேன். பொடியன்கள் முதலில் விரட்டினார்கள், பிறகு கேலி செய்தார்கள், நான் அவர்களைவிட அதிக நேரம் முங்கி இருக்கக் கற்றுக்கொண்டதும் சும்மா இருந்துவிட்டார்கள். அவர்களிடம் ஒரு சட்டம் இருந்தது. ஒரு பலகை அரையடி தூக்கியிருந்தாலும் மேல்பக்கம் இறங்கக் கூடாது, அடியில் இழுக்கும். பலகைக்கு நேர் கீழே நுரை பொங்குகிற இடத்துக்கு எக்காலத்திலும் போகக் கூடாது. அங்கே தேங்காய் விழுந்தாலும் சுற்றிக்கொண்டேதான் கிடக்கும். வெள்ளம் இழுத்தால் எதிர்த்து நீந்தாதே, அது போகிற பக்கம் போய்க்கொண்டே ஓரமாக ஒதுங்கு, மூங்கில் தோப்பு வளைவில் மணல் திட்டு காலில் தட்டும். இவ்வளவுதான் எங்கள் பாடம். மீறினவனை மற்றவர்களே சேர்ந்து மொத்துவார்கள்.

வீட்டில் அம்மாவிடம் ஒரு சோதனை உண்டு. முழங்கைக்குக் கீழே நகத்தால் ஒரு கீறு கீறுவாள். வெள்ளைக் கோடு விழுந்தால் ஆற்றில் ஊறியது உறுதி, அப்புறம் விளக்குமாறுதான். நான் பாவாடை மடிப்பில் மருந்துக் குப்பியில் தேங்காயெண்ணெய் வைத்திருந்து, திரும்பும் வழியில் கையெல்லாம் தேய்த்துக்கொள்வேன். எண்ணெய் பளபளக்க வருகிற பிள்ளையைப் பார்த்தும் அம்மாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும். அடிக்க அலுப்பாக இருந்த நாட்களில் தெரியாத மாதிரி இருந்துவிடுவாள்.

அந்த வருஷம் எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவின் தங்கை செல்விச் சித்தி, காரைக்காலில் டைப்ரைட்டிங் படிப்பதற்காக எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். இருபது வயது இருக்கும், நாக்கில் முள் வைத்துப் பேசுவாள், சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். தண்ணீரைக் கண்டால் மட்டும் பூனை. குளிக்கப் போனாலும் இரண்டாம் படிக்குக் கீழே காலை வைக்கமாட்டாள். அவள் பிறந்த ஊரில் ஆறும் இருந்தது, இரண்டு குளமும் இருந்தது. அவளை எதிலும் இறங்கவிட்டதில்லை.

ஆடி பிறந்தும் எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. கடைமடையின் தலையெழுத்து அது. மேலே எல்லோரும் குடித்த மிச்சம்தான் எங்களுக்கு. பதினெட்டாம் பெருக்குக்கு அடிபம்பிலேயே படைத்துவிடலாம் என்று தெருப்பெண்கள் சலிப்போடு பேசிக்கொண்டிருந்தபோது, முதல் நாள் சாயங்காலம் நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்து அணையின் மேல்பக்கம் தேங்கத் தொடங்கியது. ஊரே நெல் அளந்த வீடுபோல ஆகிவிட்டது. மறுநாள் காலை மஞ்சளும் காப்பரிசியும் காதோலை கருகமணியும் தட்டில் வைத்துக்கொண்டு, புதுப்புடவைகளோடு தெருப்பெண்கள் அத்தனை பேரும் படித்துறையில் இறங்கிவிட்டார்கள். கீழ்ப்பக்கம் கணுக்கால் தண்ணீர்தான். சின்னப் பிள்ளைகள் கரையில் சப்பரம் இழுத்தார்கள். சித்திகூட அன்றைக்குத் துணிந்து, வாழைப்பட்டையில் விளக்கேற்றிக்கொண்டு கடைசிப் படிவரை இறங்கியிருந்தாள்.

மேலேயிருந்து தண்ணீர் கூடுதலாக வருகிறது, பலகையைத் தூக்கு என்று லஸ்கருக்குச் சொல் வந்திருக்கிறது. அவர் வழக்கம்போலக் கைப்பிடியால் கம்பியைத் தட்டியிருக்கிறார். அதே நேரத்தில் இங்கே சூடம் ஏற்றி, தெருப்பெண்கள் சேர்ந்து குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரும்புச் சத்தம் யார் காதிலும் விழவில்லை.

என் காலில் குளிர்ச்சி பட்டது. நான் "பலகை ஏறுது" என்று கத்தினேன், குலவையில் அதுவும் கரைந்துபோயிற்று. அதற்குள் தண்ணீர் கடைசிப் படியை மூடிவிட்டது. எங்கள் ஜனங்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத ஒரு தவறை அப்போது அவர்கள் செய்தார்கள். தண்ணீர் ஏறுவதைக் கண்டு யாரும் பயப்படவில்லை. பெருக்கு நாளில் படைத்துக்கொண்டிருக்கையில் ஆறு கண்ணெதிரே பெருகுகிறதென்றால் அதைவிடப் பெரிய அருள் என்ன இருக்கிறது? "ஆத்தா வந்துட்டாடி, ஆத்தா வந்துட்டா" என்று ஒரு பெரியம்மா கண்ணீர் விட்டாள். மேலே ஏற வேண்டியவர்கள் இன்னும் ஒரு படி கீழே இறங்கி, இன்னும் ஓங்கிக் குலவை போட்டார்கள். தண்ணீர் முழங்காலைத் தாண்டி இழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஒரு தட்டு கை நழுவிப் போயிற்று, பிறகு எல்லாம் கூச்சலாகிவிட்டது. ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். கடைசிப் படியில் நின்ற சித்திக்குப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. பாசியில் கால் வழுக்கி, விளக்கோடு போய்விட்டாள்.

நான் குதித்தேன். யோசித்தெல்லாம் குதிக்கவில்லை. பட்டுப்பாவாடை குடைபோல விரிந்து தூக்கிக்கொடுத்தது, அதுவே அப்புறம் காலைச் சுற்றிக்கொண்டு உயிரை வாங்கியது. சித்தியின் பின்னல் கைக்குக் கிடைத்தது. அவள் திரும்பி என் கழுத்தைக் கட்ட வந்தாள். "கழுத்தப் புடிக்காத சித்தி, மல்லாந்து படு, மல்லாந்து படு" என்று தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கத்தினேன். கரையோரம் ஓடிவந்தவர்கள் எல்லாம் "இந்தப் பக்கம் வா, இந்தப் பக்கம் வா" என்று கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. வெள்ளம் போன பக்கமே போய், மூங்கில் தோப்பு வளைவில் ஓரமாக ஒதுங்கினேன். காலில் மணல் தட்டியது. நான் காப்பாற்றினேன் என்று ஊரில் சொல்வார்கள், அது பாதிதான் உண்மை. அந்த வளைவில் ஆறு எதையும் துப்பிவிடும். அது துப்புகிற இடம் எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

நியாயமாக என்ன நடந்திருக்க வேண்டும்? நீந்தத் தெரியாதவள் போனாள், தெரிந்தவள் மீட்டாள். ஆகவே எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் நீந்தக் கற்றுக்கொடுங்கள் என்று ஊர் சொல்லியிருக்க வேண்டும். இரும்புச் சத்தம் கேட்கவில்லையா, அப்படியானால் பெரிய மணியாக ஒன்று கட்டுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஊர்ப்பெரியவர்கள் கோயில் வாசலில் உட்கார்ந்து, லஸ்கரை வைது தீர்த்துவிட்டு, "இனிமே பொம்பளப் புள்ளைவொள ஆத்துப் பக்கம் அனுப்பாதீங்க" என்று சொல்லி எழுந்துபோய்விட்டார்கள். மறுநாள் காலை பொடியன்கள் நடைபாலத்திலிருந்து தலைகீழாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் அடிபம்பில் குடத்துக்கு வரிசையில் நின்றபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், துக்கத்தினால் அல்ல.

கொஞ்ச நாள் போனது. ஒரு மத்தியானம் சித்தி என்னைக் கொல்லைப்பக்கம் தனியே கூப்பிட்டாள்.

"ஏண்டி, எனக்கு நீந்தக் கத்துக்குடுப்பியா?"

"ஆத்துக்குப் போவக் கூடாதுன்னு சொல்லிருக்காங்கள்ல."

"சொன்னவங்க யாரும் தண்ணியில போவல. போனவ நான். எனக்குத்தானே தெரியும் எது வேணும்னு."

ஆண்கள் சாப்பிட்டுக் கண்ணயர்கிற உச்சிவேளையில், துணி துவைக்கப் போகிற சாக்கில் அழுக்குமூட்டையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் புறப்பட்டோம். வாழைத்துண்டைக் கட்டிக்கொண்டு இருபது வயதுப் பெண், பன்னிரண்டு வயதுக்காரியிடம் "விட்றாதடி, விட்றாதடி" என்று கெஞ்சியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மூக்கில் தண்ணீர் ஏறியதும் என்னையும் என் வம்சத்தையும் திட்டுவாள். அவளுக்கும் அதே வம்சம்தான் என்பதை நான் ஞாபகப்படுத்துவேன். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, நாங்கள் புறப்படும்போது அம்மா வழியை மறித்துக்கொண்டு நின்றாள். கையை நீட்டச் சொல்லி நகத்தால் கீறப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கையில் இருந்த இரண்டு பழம்புடவைகளை மூட்டையில் திணித்தாள்.

"இத்துனூண்டு துணிக்கா இம்புட்டு நேரம்னு யாராச்சும் கேப்பாங்க. இதையும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

அந்த ஐப்பசி மழைக்குள் சித்தி கரையிலிருந்து கரைக்கு நீந்தினாள். அம்மாவின் துவைத்த புடவைகள் மறுபடி மறுபடி துவைக்கப்பட்டு நைந்துபோயின. பலகை ஏறுவதை ஊருக்குள் எல்லோருக்கும் முந்திக் கேட்கிற காது சித்தியுடையதாக ஆயிற்று. ஒருமுறை கேட்காமல் போனதை அந்தக் காது மன்னிக்கவில்லை. கூவலைத் தொடங்குகிற குரலும் அவளுடையதுதான். அவளைப் பக்கத்துத் தெருவிலேயே கட்டிக்கொடுத்ததால் அந்தக் குரல் எங்களோடேயே இருந்தது.

பிறகு லஸ்கர் ஓய்வு பெற்றார். அணையைப் புதுப்பித்து, பலகைகளுக்கு மோட்டார் வைத்தார்கள். எங்கிருந்தோ போனில் சொல்ல, பூட்டிய அறைக்குள் யாரோ பொத்தானை அமுக்க, பலகை தானாக ஏறுகிறது. கம்பியைத் தட்ட ஆளும் இல்லை, தட்டுவதற்குக் கைப்பிடியும் இல்லை. வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டதால் துறைகளில் துவைக்கிறவர்களும் இல்லை. சில வருஷங்களுக்கு முன் திருநள்ளாற்றுக்குச் சாமி கும்பிட வந்த ஒரு வெளியூர்ப் பையன், தண்ணீர் கணுக்கால் அளவுதானே என்று கீழ்ப்பக்கம் இறங்கி நின்றான். பலகை ஏறியது. அவன் காலில் அந்தக் குளிர்ச்சி பட்டிருக்கும், என்னவென்று அவனுக்கு எப்படித் தெரியும். வளைவுக்குக் கீழே அவனை எடுத்துப் போட்டிருந்த கரையில் அவன் அம்மா யாரையும் வையவில்லை. வந்து நின்ற எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "யாருமே சொல்லலியா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பதிலாகத்தான் இந்த வேலி வந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அது இதுதான். பலகை ஏறுவதற்கு முன்னால் ஒரு சங்கு ஊதுங்கள், மேல்பக்கம் கயிறு கட்டுங்கள், கீழ்ப்பக்கம் துறையைச் சீராக்கிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்று நான் எழுதியும் கேட்டேன், நேரில் போயும் கேட்டேன். "டேஞ்சரான எடம்மா, அதான் மூடிட்டோம்ல" என்றார் ஒருவர், மிகுந்த மரியாதையோடு. வேலியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே வேலி போட்டவர்கள் இந்த ஊர்க்காரர்கள். வேலி போட்ட இடத்தில் பிள்ளைகள் இறங்காமல் இருப்பதில்லை, ஒன்றும் தெரியாமல் இறங்குகிறார்கள்.

ஆகவே நான் இறக்குகிறேன். காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. விடுமுறை நாட்களில் என் மகளும் தெருவில் உள்ள பெண்பிள்ளைகளும், பெற்றவர்களுக்குத் தெரிந்தேதான், வேலியின் சந்து வழியாக என்னோடு வருகிறார்கள். வாழைத்துண்டுக்குப் பதிலாகக் காலித் தண்ணீர்க் கேன். இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை கரைப் பனைமரத்தில். மேல்படியில் செல்விச் சித்தி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், முழங்கால் வலிக்கிறது என்று முனகியபடி.

போன ஆடிப்பெருக்கு அன்று வேலிக்கு வெளியே குழாயில் ஓட்டை போட்டு "ஷவர்" வைத்திருந்தார்கள். ஆறு பக்கத்தில் ஓட, பெண்கள் போர்வெல் தண்ணீருக்கு அடியில் தட்டை நீட்டி ஆத்தாளுக்குப் படைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டு அணையில் வேலை பார்க்கிற தம்பி வேலியோரம் வந்தான்.

"மேடம், போர்டு வச்சிருக்கோமே, பாக்கலியா?"

"பாத்தோம் தம்பி" என்றாள் சித்தி. "பலகை ஏறுனா உங்க போர்டு கத்துமா?"

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் பூட்டிய அறைக்குள் மோட்டார் முனகத் தொடங்கியது. என் காலில் குளிர்ச்சி படுவதற்கு முன்பே சித்தி எழுந்து நின்று, முகத்தைக் கிழக்கே திருப்பி, "பலகை ஏறுதூ…" என்று கூவிவிட்டாள். பிள்ளைகள் கேனும் கயிறுமாகப் படியேறினார்கள். தண்ணீர் பெருகுவதைக் கண்டதும் ஷவரடியில் நின்ற பெண்கள் குலவை போட்டுக்கொண்டே சந்து வழியாகப் படித்துறைக்கு இறங்கி வந்தார்கள்.

"கொலவையெல்லாம் அப்பறம். மொதல்ல மேல ஏறுங்கடி" என்றாள் சித்தி. ஏறினார்கள்.

சித்தி மறுபடி ஒருமுறை கூவிவிட்டுக் காத்திருந்தாள். மாட்டுத்துறையில் மாடு இல்லை, ஆளும் இல்லை. அடுத்த துறை கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மூங்கில் தோப்பு இருந்த இடத்தில் மனைப்பிரிவுக் கல் நட்டிருக்கிறார்கள். அந்தக் குரலை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. ஆனால் வளைவுக்கு அந்தப் பக்கம் மீன்பிடிக்கவோ குளிக்கவோ யாராவது இறங்கியிருக்கலாம், யார் கண்டது. என் மகள் இடுப்புக் கயிற்றை உருவி எறிந்துவிட்டு, ஈரச் சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, "பலகை ஏறுதூ… பலகை ஏறுதூ…" என்று கூவிக்கொண்டே கரையோரமாகக் கிழக்கே ஓடினாள். தண்ணீர் அவளுக்குப் பின்னால்தான் போயிற்று.